படைக்குப் பணம், மன்றத்தில் கணக்கு

இந்தியப் படைகளுக்கு ஆகும் செலவை அரசு கேட்கிறது; மக்களவை வழங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஆண்டு வரவு செலவுக் கணக்கை அவைகளின் முன் வைக்கச் சொல்கிறது. 113-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு வேண்டியதை மானியக் கோரிக்கையாக மக்களவையிடம் கேட்க வேண்டும். 114-ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து பணம் வெளியே போகும். பாதுகாப்பு அமைச்சகமும் இந்த விதிக்கு உட்பட்டதே. 2025-26 நிதியாண்டுக்கு அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,81,210 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் இது எட்டில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்தப் பணம் எதற்குப் போகிறது, வாங்கிய தளவாடம் சொன்ன தரத்தில் சொன்ன நாளில் வந்ததா, வேலைக்கு வைத்த ஆட்கள் போதுமா என்று கேட்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது. அது மூன்று கட்டங்களில் நடக்கிறது. பணம் கொடுக்கும் முன் நிலைக்குழு ஆராய்கிறது. செலவு நடக்கும்போது உறுப்பினர்கள் அவையில் கேள்வி கேட்கிறார்கள். செலவு முடிந்த பின் தணிக்கைத் துறையும் பொதுக் கணக்குக் குழுவும் கணக்குப் பார்க்கின்றன. முதலிரண்டு கட்டங்களில் ஆளும் கட்சியின் பெரும்பான்மை பல கேள்விகளை அமுக்கிவிடும். மூன்றாவதில் காகிதம் பேசுகிறது. அதனால் நாடாளுமன்றத்தின் உண்மையான பலம் அந்த மூன்றாம் கட்டத்தில்தான் இருக்கிறது.

நான்கு கோரிக்கைகள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் செலவு நான்கு மானியக் கோரிக்கைகளாக மக்களவைக்கு வருகிறது. காவிரிப் படுகையில் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே இந்த நான்கையும் விளக்கிவிடலாம்.

தஞ்சாவூர்-புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. அது விரிவுபடுத்தப்பட்டு, 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியால் விமானப்படைத் தளமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்களுடன் அங்கே நிலைகொண்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் படைப்பிரிவு அது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட விமானங்கள் அதில் உள்ளன. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிப்பது அதன் முக்கியப் பணி.

அந்த விமானங்களை வாங்கிய விலை மூலதனச் செலவுக் கோரிக்கையில் வருகிறது. 2025-26-ல் அந்தத் தலைப்புக்கு 1,80,000 கோடி ரூபாய். விமானம் பறக்க எரிபொருள், உதிரிபாகங்கள், படைவீரரின் சம்பளம், உணவு, குடியிருப்புப் பராமரிப்பு ஆகியவை வருவாய்ச் செலவுக் கோரிக்கையைச் சேர்ந்தவை. அதற்கு 3,11,732 கோடி. ஓய்வுபெற்றவர்களுக்குத் தனிக் கோரிக்கை உண்டு. பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ வாழும் முன்னாள் படைவீரர் மாதந்தோறும் வாங்கும் ஓய்வூதியம் அதிலிருந்து வருகிறது. அதற்கு 1,60,795 கோடி. நான்காவது, ‘சிவில்’ எனப்படும் கோரிக்கை. கடலோரக் காவல்படை, எல்லைச் சாலை அமைப்பு முதலியவை இதில் அடங்கும். காரைக்காலில் உள்ள கடலோரக் காவல்படை நிலையத்தின் செலவு இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. தொகை 28,683 கோடி.

இந்தப் பிரிவினையைப் பார்த்தாலே ஒரு செய்தி தெரிகிறது. நூறு ரூபாயில் ஏறத்தாழ 69 ரூபாய் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் போகிறது. புதிய விமானம், கப்பல், பீரங்கி ஆகியவற்றுக்கு மிஞ்சுவது 26 ரூபாய் சொச்சம். ஆகவே மன்றம் தளவாட ஒப்பந்தங்களை மட்டும் பார்த்தால் பத்தில் மூன்று பங்குச் செலவைக்கூடப் பார்த்ததாகாது. ஆள்பலத்தையும் அது கேட்டாக வேண்டும்.

நிலைக்குழுவின் அறை

நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கோரிக்கைகளை 543 பேர் கொண்ட அவை வரி வரியாகப் படிக்க முடியாது. அதற்காக 1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் ஏற்பட்டன. பாதுகாப்புக்கான நிலைக்குழுவில் 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் இடம்பெற முடியாது. நிதிநிலை அறிக்கை தாக்கலான பின் அவைக்கு இடைவேளை விடப்படும். அந்த வாரங்களில் பாதுகாப்புச் செயலரும் முப்படைகளின் மூத்த அதிகாரிகளும் குழுவின் முன் வந்து சாட்சியம் அளிக்கிறார்கள். கூட்டம் மூடிய அறைக்குள் நடக்கும். கேமரா இல்லாததால் கட்சிக் கொடி சற்றே தாழ்ந்து, கேள்வி கூர்மையாகிறது.

2018 மார்ச்சில் தாக்கலான அறிக்கை இதற்கு நல்ல சான்று. மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி அப்போது குழுவின் தலைவர். தரைப்படைத் துணைத் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் குழுவின் முன் வெளிப்படையாகப் பேசினார். படையிடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழங்காலத்தவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை என்றார். நவீனப்படுத்த ஒதுக்கிய 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 125 திட்டங்களுக்குத் தர வேண்டிய 29,033 கோடிக்கே போதாது என்றும் சொன்னார். பணியில் இருக்கும் படைத்தலைவர் ஒருவர் பொதுமேடையில் இப்படிப் பேச இயலாது. குழு கேட்டது, அவர் பதில் சொன்னார், அறிக்கை அச்சானது, நாடு படித்தது.

பணம் போதாமை ஒரு பக்கம் என்றால், கொடுத்த பணம் செலவாகாமை மறுபக்கம். 2024-25-ல் மூலதனச் செலவுக்கு 1,72,000 கோடி ஒதுக்கப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாகக் குறைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகத் தாமதமானால் மார்ச் 31-ஆம் தேதி மிஞ்சும் தொகை காலாவதியாகிவிடும். அதனால்தான் ஆண்டுக்காண்டு காலாவதியாகாத தனி நிதி ஒன்று வேண்டும் என்று நிலைக்குழு பலமுறை வலியுறுத்தியது. பதினைந்தாவது நிதிக்குழுவும் 2021-26 காலத்துக்கு 2,38,354 கோடி ரூபாய் அளவில் அப்படி ஒரு நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது.

நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று அரசு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். அவையின் விவாதமும் பல ஆண்டுகளில் சுருங்கிப்போகிறது. நேரம் முடிந்ததும் விவாதிக்காத கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விடும் முறைக்கு ‘கில்லட்டின்’ என்று பெயர். 2018 மார்ச்சில் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதமின்றி, எல்லாம் இந்த முறையில் ஒரே நாளில் நிறைவேறின. பாதுகாப்புச் செலவும் அதில் அடக்கம்.

ஒப்பந்தம் பிறக்கும் வழி

தளவாடக் கொள்முதலில் நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டிய பங்கு கிடையாது. படை தன் தேவையைச் சொல்கிறது. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் அந்தத் தேவையை ஏற்கிறது. நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கப்படுகிறது. தளவாடம் களத்தில் சோதிக்கப்படுகிறது. விலைபேசும் குழு பேரம் பேசுகிறது. 2,000 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் பாதுகாப்பு அமைச்சரும், அதற்கு மேல் 3,000 கோடி வரை அவரும் நிதி அமைச்சரும் சேர்ந்தும் ஒப்புதல் தரலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. அதற்கும் மேற்பட்டவை பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவுக்குப் போகும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மன்றம் இல்லை.

உறுப்பினர்கள் கையில் அப்போது இருக்கும் கருவி கேள்வி மட்டுமே. மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழி பதிலுக்கு 20 கேள்விகளும் எழுத்துப்பூர்வ பதிலுக்கு 230 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானது, எது தாமதமானது, எத்தனை பணியிடம் காலி என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும் இந்த எழுத்துப் பதில்களில்தான் முதன்முதலில் வெளிவருகின்றன. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமைச்சர் பதில் மறுக்கவும் இடமுண்டு.

தணிக்கை: காவிரி என்றோர் எஞ்சின்

மேட்டூரில் திறந்த தண்ணீர் எவ்வளவு என்பதை அணையில் நின்று அளக்கலாம். அது வந்து சேர்ந்ததா என்பதைப் பேராவூரணியிலோ வேதாரண்யத்திலோ கடைமடை வயலில் நின்றுதான் சொல்ல முடியும். நிதிநிலை அறிக்கை அணையில் எடுத்த அளவு. கடைமடையில் போய்ப் பார்ப்பது சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் வேலை. அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் அந்தப் பதவியை வகுக்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் மட்டுமே சிஏஜியை நீக்க முடியும். அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது.

டெல்டா மக்களுக்கு நெருக்கமான பெயர் கொண்ட திட்டம் ஒன்று இந்தத் தணிக்கையில் சிக்கியது. தேஜஸ் இலகு ரகப் போர் விமானத்துக்கு உள்நாட்டிலேயே ஓர் எஞ்சின் செய்ய 1989 மார்ச்சில் அரசு அனுமதி அளித்தது. பெங்களூருவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இயங்கும் கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் பொறுப்பேற்றது. எஞ்சினுக்குக் ‘காவிரி’ என்றும் அதன் மையப் பகுதிக்குக் ‘கபினி’ என்றும் பெயர் வைத்தார்கள். மதிப்பீடு 382.81 கோடி ரூபாய். முடிக்க வேண்டிய கெடு 1996 டிசம்பர். பின்னர் மதிப்பீடு 2,839 கோடியாகவும் கெடு 2009 டிசம்பராகவும் மாறின. செலவு 642 சதவீதம் ஏறியும், ஏறத்தாழ 13 ஆண்டு தாமதித்தும், விமானத்தில் பொருத்தத் தக்க எஞ்சின் கிடைக்கவில்லை என்று சிஏஜி அறிக்கை பதிவு செய்தது. 1,100 கிலோ இருக்க வேண்டிய எஞ்சின் 1,235 கிலோ எடை இருந்தது; வேண்டிய உந்துவிசையும் கிட்டவில்லை. 2008-ல் காவிரி தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கோவை சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் விமானங்களை இழுப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன எஞ்சின்.

போர் விமான எஞ்சினைத் தானே வடிவமைத்துத் தயாரிக்கும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொதிக்கும் வாயுவில் உருகாமல் சுழலும் உலோகத் தகடுகளைச் செய்யும் நுட்பத்தை எவரும் எளிதில் விற்பதில்லை. ஆகவே தோல்வியைக் குற்றமாகப் பார்ப்பது நியாயமன்று. தணிக்கை கேட்டது வேறு: இடைக்கெடுக்கள் தவறியபோது யார் கவனித்தார்கள்? மதிப்பீடு ஏழு மடங்கைத் தாண்டும் வரை மறுபரிசீலனை ஏன் நடக்கவில்லை? இவை ஆராய்ச்சியாளரைக் குறை சொல்லும் கேள்விகளல்ல. நிர்வாகத்தை விளக்கம் கேட்கும் கேள்விகள்.

காவிரியின் கதை அங்கே முடியவுமில்லை. 2016-ல் 36 ரஃபேல் விமானங்கள் வாங்கியபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதிக்கு ஈடாக இந்தியத் தொழிலுக்கு உதவ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்தக் கடப்பாட்டில் 30 சதவீதத்தை டி.ஆர்.டி.ஓ.வுக்கு உயர் தொழில்நுட்பம் தந்து நிறைவேற்றுவதாக டசால்ட், எம்.பி.டி.ஏ. நிறுவனங்கள் 2015 செப்டம்பரில் முன்மொழிந்திருந்தன. தேஜசுக்கான காவிரி எஞ்சினுக்குத் தொழில்நுட்ப உதவியை டி.ஆர்.டி.ஓ. கேட்டது. அந்த உதவி உறுதிசெய்யப்படவில்லை என்று 2020 செப்டம்பரில் தாக்கலான சிஏஜி அறிக்கை சுட்டிக்காட்டியது.

தஞ்சைத் தளத்தில் நிற்கும் சுகோய் ரகமும் தணிக்கைக்குத் தப்பவில்லை. எந்த நேரத்திலும் 75 சதவீத விமானங்கள் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. நடப்பில் 55 முதல் 60 சதவீதமே தயாராக இருந்தன என்று 2015-ல் வெளியான அறிக்கை கூறியது. 2017 அறிக்கை வெடிமருந்தைப் பற்றியது: சோதித்த 152 வகைகளில் 61 வகைகள், தீவிரப் போர் மூண்டால் பத்து நாளுக்கும் காணாத அளவே 2016 செப்டம்பரில் இருப்பில் இருந்தன. இப்படிப்பட்ட அறிக்கைகள் படையைச் சிறுமைப்படுத்துவதில்லை. உதிரிபாகம் கேட்டு எழுதிய அதிகாரியின் கையை அவை பலப்படுத்துகின்றன.

பொதுக் கணக்குக் குழு

சிஏஜி அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. 1921 முதல் இயங்கும் இந்தக் குழுவில் 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. இதிலும் அமைச்சருக்கு இடமில்லை. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே இதன் தலைவராவது மரபு. அமைச்சகத்தின் செயலர் குழுவின் முன் அமர்ந்து தணிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்ல வேண்டும். சிஏஜி அருகில் இருந்து குழுவுக்கு வழிகாட்டுகிறார். குழு அறிக்கை தந்த பின், எடுத்த நடவடிக்கை என்ன என்று அரசு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் குழுவின் பொறுப்புக் காவிரிக் கரைக்கும் வந்திருக்கிறது. திருக்கண்ணபுரத்தில் பிறந்த இரா. செழியன் 1967-லும் 1971-லும் கும்பகோணம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர். 1971-73 காலத்தில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். நாடாளுமன்ற விதிமுறைகளை அவரளவு கற்றவர்கள் குறைவு. மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்தவரும் இந்த மண்ணில் உண்டு. பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1952-ல் தஞ்சாவூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். ஏவுகணைகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் ஒருங்கிணைந்த திட்டம் 1983-ல் தொடங்கியது அவருடைய பொறுப்புக் காலத்தில்தான். கேட்பவரும் பதில் சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

சுதந்திர இந்தியாவின் முதல் பாதுகாப்புக் கொள்முதல் சர்ச்சையைத் தோண்டியதும் இந்தக் குழுவே. 1948-ல் காஷ்மீர்ப் போருக்காக லண்டனிலிருந்த இந்தியத் தூதரகம் 2,000 ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தது. முன்பணம் போனது. கடைசியில் 155 ஜீப்புகளே சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. அவையும் பயன்படுத்தத் தகுதியற்றவையாக இருந்தன. பொதுக் கணக்குக் குழு இதைக் கண்டித்து நீதி விசாரணை கேட்டது. 1955 செப்டம்பரில் அரசு, விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்துக் கோப்பை மூடியது. குழுவால் உண்மையை எழுத முடிந்தது. நடவடிக்கையைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. குழுவின் பலமும் வரம்பும் அந்த முதல் வழக்கிலேயே தெரிந்துவிட்டன.

போஃபர்ஸ் தந்த பாடம்

1986 மார்ச் 24 அன்று 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்க சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்துடன் 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. லஞ்சம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி செய்தி வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பி. சங்கரானந்த் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. முக்கிய எதிர்க்கட்சிகள் அதில் சேர மறுத்தன. குழு 1988 ஏப்ரலில் தந்த அறிக்கை, லஞ்சத்துக்குச் சான்று இல்லை என்றது. குழுவில் இருந்த தமிழக உறுப்பினர் ஆலடி அருணா அதை ஏற்காமல் மறுப்புரை எழுதினார். பெரும்பான்மை வேறுவிதமாகச் சொன்னாலும் ஓர் உறுப்பினரின் மறுப்பு அறிக்கையோடு சேர்த்து அச்சாகும் என்பது இந்த முறையின் அரிய பாதுகாப்பு. அதே 1988-ல் சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ் பணம் போன வழியைக் காட்டும் ஆவணங்களை வெளியிட்டது. 1989 ஜூலையில் தாக்கலான சிஏஜி அறிக்கை, பீரங்கியைத் தேர்ந்தெடுத்த முறையில் குறைகளைக் காட்டியது. மக்களவையிலிருந்து எதிர்க்கட்சியினர் கூட்டமாகப் பதவி விலகினர்.

அந்தப் பீரங்கி 1999-ல் கார்கிலில் சிறப்பாக வேலை செய்தது. தளவாடம் நல்லதா என்பதும் வாங்கிய முறை நேர்மையானதா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றின் பதில் மற்றொன்றை அழித்துவிடாது. இன்னொரு தீமையும் நேர்ந்தது. விசாரணைக்கு அஞ்சி அதிகாரிகள் முடிவெடுக்கத் தயங்கியதால் பல ஆண்டுகள் புதிய பீரங்கி வாங்கப்படவில்லை. கணக்குக் கேட்பது உரிய நேரத்தில், உரிய ஆவணங்களோடு நடந்திருந்தால் இந்த அச்சத்துக்கு இடமிருந்திராது.

சீருடை அணியாதவர்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தில் படைவீரர் மட்டும் இல்லை. தளத்தின் ஓடுபாதையையும் குடியிருப்பையும் பராமரிக்கும் இராணுவப் பொறியியல் சேவையான எம்.இ.எஸ்.ஸின் பொறியாளர், எலக்ட்ரீஷியன், பம்ப் ஆபரேட்டர், கிடங்குக் காவலர், தீயணைப்பு வீரர், சமையலர், எழுத்தர், டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி, பாதுகாப்புக் கணக்குத் துறை ஊழியர் என்று பல லட்சம் சிவில் பணியிடங்கள் உள்ளன. 2021 மார்ச் 1 நிலவரப்படி இவற்றில் சுமார் 2.64 லட்சம் இடங்கள் காலி என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ரயில்வேக்கு அடுத்தபடி மிக அதிகமான காலியிடங்கள் கொண்ட அமைச்சகம் அப்போது இதுவே.

காலியிடத்தை நிரப்புவதா, நீக்குவதா என்பது கொள்கைக் கேள்வி. லெப்டினன்ட் ஜெனரல் டி.பி. சேகட்கர் குழு 2016-ல் தந்த அறிக்கை, போர்முனைக்கு நேரடியாகப் பயன்படாத அமைப்புகளைச் சுருக்கி அந்தப் பணத்தைத் தளவாடத்துக்குத் திருப்பச் சொன்னது. 39 இராணுவப் பண்ணைகளை மூடும் முடிவு அதைத் தொடர்ந்து வந்தது. 2020 மே மாதம் எம்.இ.எஸ்.ஸில் 9,304 பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. சிக்கனம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் நீக்கிய வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம், தரம் எப்படி, பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பாரா என்ற கணக்கையும் மன்றம் கேட்க வேண்டும். பணியிடத்தின் சம்பளம் ஒரு தலைப்பில் குறைந்து, ஒப்பந்தக் கூலி வேறொரு தலைப்பில் ஏறினால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டெல்டாவின் தலைவாசலான திருச்சியில் இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொட்டது. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும், கவச வாகனத்தைத் துளைக்கும் குண்டுகளின் கன உலோகப் பகுதியைச் செய்யும் எச்.ஏ.பி.பி. தொழிற்சாலையும் அங்கே உள்ளன. இவை நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளைச் சேர்ந்தவையாக இருந்தன. தொழிலாளர்கள் அரசு ஊழியர்கள்; தொழிற்சாலையின் செலவு மானியக் கோரிக்கையின் பகுதியாக இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்துக்கும், எச்.ஏ.பி.பி. புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவுக்கும் போயின. ஊழியர்கள் அயல்பணி அடிப்படையில் புதிய நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டதாகக் கருதப்பட்டனர். முதலில் இரண்டு ஆண்டு என்றிருந்த அந்த ஏற்பாடு பிறகு நீட்டிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்த நிலையில், 2021 ஆகஸ்டில் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் அமளிக்கிடையே நிறைவேறியது. அது வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது.

இந்த மாற்றத்தால் கண்காணிப்பின் வழியும் மாறியது. முன்பு தொழிற்சாலைச் செலவு நேராக மக்களவையின் வாக்குக்கு வந்தது. இப்போது நிறுவனத்தின் ஆண்டறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. 22 பேர் கொண்ட பொதுத்துறை நிறுவனங்கள் குழு அதை ஆராயலாம். சிஏஜியின் தணிக்கை நிறுவனச் சட்டத்தின்படி தொடர்கிறது. சுதந்திரமாக இயங்கும் நிறுவனம் வேகமாக உற்பத்தி செய்யும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. கைக்கு வரும் ஆர்டர் குறைந்தால் வேலை என்னாகும் என்பது தொழிலாளரின் கவலை. இரண்டுக்கும் விடை ஆண்டுதோறும் வரும் ஆர்டர் அளவிலும் கணக்கிலும்தான் கிடைக்கும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவது குழுவின் கடமை.

ரகசியத்தின் எல்லை

பாதுகாப்பில் மறைக்க வேண்டியவை உண்டு. ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும், ரேடார் எதைப் பார்க்கும், எந்தத் தளத்தில் எத்தனை குண்டு இருக்கிறது என்பவை எதிரிக்குப் போகக் கூடாது. ஆனால் இந்த மறைப்பு விலைக்கும் தாமதத்துக்கும் நீளும்போது மன்றத்தின் கண் கட்டப்படுகிறது. 2019 பிப்ரவரி 13 அன்று தாக்கலான ரஃபேல் தணிக்கை அறிக்கையில் விலை விவரங்கள் மறைக்கப்பட்டன. முந்தைய விலைப்புள்ளியோடு ஒப்பிட்டால் 2.86 சதவீதம் குறைவு என்ற முடிவு மட்டும் கொடுக்கப்பட்டது. கார்கில் போர்க்காலக் கொள்முதலைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்தபோது, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கையைத் தர அரசு மறுத்தது. 2017-க்குப் பிறகு பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகள் சில சிஏஜியின் இணையதளத்தில் ஏற்றப்படாமலும் இருந்தன.

பிற நாடுகள் வேறு வழிகளை வகுத்துள்ளன. ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இராணுவ ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்ற நிதிநிலைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அமெரிக்காவில் 1980-களில் வந்த நன்-மெக்கர்டி சட்டம், ஒரு தளவாடத்தின் விலை நடப்பு மதிப்பீட்டை விட 25 சதவீதம் ஏறினால் காங்கிரசுக்குத் தெரிவித்து, திட்டத்தைத் தொடர்வதற்கான காரணத்தை நிறுவச் சொல்கிறது. அப்படி ஒரு விதி இந்தியாவில் இருந்திருந்தால் காவிரி எஞ்சின் 500 கோடியைத் தொடும் முன்பே மன்றத்தின் மேசைக்கு வந்திருக்கும். திட்டம் கைவிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் பொருளல்ல. கூடுதல் உதவியோடு உரிய நேரத்தில் திருத்தப்பட்டிருக்கலாம்.

மூடிய அறையில், உறுதிமொழி ஏற்ற உறுப்பினர்களிடம் விலை விவரத்தைத் தருவதால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வராது. நிலைக்குழுவில் உறுப்பினர்கள் ஓராண்டோடு மாறாமல் தொடர்ந்து இருந்தால் துறையறிவு சேரும். குழுக்களுக்குப் பொறியியலும் கணக்கியலும் தெரிந்த நிரந்தர ஆய்வாளர்கள் வேண்டும். தணிக்கை அறிக்கை, செலவு நடந்து பல ஆண்டு கழித்து வராமல், திட்டம் நடக்கும்போதே இடைக்கால அறிக்கையாகக் குழுவுக்குக் கிடைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் சாதாரண வாசகருக்குத் தொலைவானதல்ல. நிலைக்குழுவின் அறிக்கைகளும் அமைச்சர்களின் எழுத்துப் பதில்களும் மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி தொகுதிகளின் உறுப்பினர்கள் தங்கள் பகுதித் தளத்தின் பராமரிப்பு, தொழிற்சாலையின் ஆர்டர், காலிப் பணியிடம் பற்றி எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். அமைச்சகம் அவையில் பதில் வைக்க வேண்டும். அந்தப் பதில் அச்சானதும் அது பொதுச்சொத்து.